ரோமாபுரிக் காவல்படையும் எங்கள் ஸ்டாஃப் ரூமும்

ரோமாபுரிச் சக்கரவர்த்திகளைத் திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் நடத்தியவள் நான். கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில் ஒரு தனியார் பெண்கள் கல்லூரி. வாசலில் வரலாற்றுத் துறை என்று போர்டு மாட்டியிருந்தார்கள். துறை என்றால் அது நான்தான். துறைத் தலைவி, விரிவுரையாளர், கரும்பலகையைத் துடைக்கிறவள் எல்லாமே நான் ஒருத்தி. தொண்ணூறுகளின் நடுவில் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறப்பதற்குள் என்னைத் துடைத்து வெளியே போட்டார்கள். எப்படிப் போட்டார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சக்கரவர்த்திகளின் பெயர்கள் பிள்ளைகளின் வாயில் நுழையாது. காலையில் வயலில் நாற்றுக்கட்டு சுமந்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேனில் தொங்கியபடி வந்து உட்காருகிற பிள்ளைகள். அவர்களாகவே பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். சின்ன வயதில் படைமுகாமில் குட்டி பூட்ஸ் மாட்டிக்கொண்டு திரிந்தவர் பூட்ஸ் ராஜா. அவரைக் கொன்ற அன்று அரண்மனையில் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர் திரைச்சீலை ராஜா. ஊர் எரிந்தபோது பாட்டுப் பாடியதாகக் கெட்ட பெயர் வாங்கியவர் பிடில் ராஜா. "பரீட்சையிலயாவது ஒழுங்கான பேர எழுதுங்கடி"னு கெஞ்சுவேன். எழுதிவிடுவார்கள். ஒரு வருஷம்கூட என் பேப்பரில் யாரும் ஃபெயில் ஆனதில்லை.

அந்தப் பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் காவல்படை. சக்கரவர்த்தியின் உயிரைக் காப்பதற்கென்றே தனியாக ஒரு படை. மற்ற சிப்பாய்களைவிடச் சம்பளம் ஜாஸ்தி, வேலை கம்மி, தலைநகரத்திலேயே ஜாகை. பூட்ஸ் ராஜாவை வெட்டியது அந்தப் படையின் அதிகாரிகள்தான். திரைக்குக் கீழே கால் தெரிகிறதே என்று இழுத்துப் பார்த்து, நடுங்கிக்கொண்டிருந்த மனுஷரைத் தூக்கிக்கொண்டுபோய், இனிமேல் நீங்கள்தான் சக்கரவர்த்தி என்று சொன்னதும் அதே படைதான்.

"அந்தாளு வேணாம்னு சொல்லியிருக்கலாமே மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நாலு பேரு தோள்ல தூக்கி வெச்சிக்கினு ஜே போடும்போது, எறக்கி வுடுங்கனு எவன்டி சொல்லுவான்?" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அதெல்லாம் நடக்கும் என்று கனவிலும் நினைக்காமல் சிரித்தேன்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஆறு பேர். இங்கிலீஷ் மேடம், தமிழ் மேடம், வணிகவியல் எடுக்கிற இரண்டு பேர், பொருளாதாரம் எடுக்கிற ஒருத்தி, நான். பொருளாதாரக்காரி என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அந்த வீட்டில் எம்.ஏ. படித்த முதல் பொம்பளை. என்னை "அக்கா" என்பாள். வாய் நிறைய, மனசு நிறைய அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று நம்பினேன். என் டிபன் கேரியரில் மேல் தட்டு எப்போதும் அவளுக்குத்தான். குழந்தை பிறந்ததும் வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று அவள் மாமனார் அடம் பிடித்தபோது, பஸ் ஏறிப்போய் அவரோடு வாசலில் நின்று சண்டை போட்டவள் நான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அந்த மனுஷர், "இந்தம்மா வாய்க்குப் பயந்தே அனுப்பறேன்"னு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவள் மறுபடி வேலைக்கு வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. எங்கள் கல்லூரியிலும் ஒரு அறைக்குக் குளிர்சாதனம் போட்டு, தரையில் சிவப்புக் கம்பளம் விரித்து, ஏழெட்டுப் பெட்டிகளை வாங்கி வைத்தார்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். என் வகுப்பறையில் மழை பெய்தால் ஒழுகும். சந்தனத்துக்கு எங்கே போக!

கொஞ்ச நாளில் பேச்சு அடிபட ஆரம்பித்தது. அடுத்த ஜூனிலிருந்து வரலாற்றுக்கு அட்மிஷன் கிடையாதாம். அந்த அறையும் கம்ப்யூட்டருக்குத்தானாம். அப்படியென்றால் என் வேலை போகும். அது ஒரு பக்கம். இரண்டாவது வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நடுவில் நின்றார்கள். அவர்களை யார் கரையேற்றுவது? ஒரு பேப்பர் ஃபெயில் என்றால் போதும், "படிச்சது போதும் வாடி"னு வீட்டில் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். அதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வரலாறு, நாளைக்குத் தமிழ், அதற்கு அடுத்த நாள் பொருளாதாரம். "அக்கா, நீங்க முன்னாடி நில்லுங்க. நாங்க பின்னாடி இருக்கோம்" என்று முதலில் சொன்னவள் பொருளாதாரக்காரிதான். "உங்க டிபார்ட்மென்ட்ட மூடுனா நாங்களும் வேலய வுட்டுட்டு வெளிய வந்துர்றோம். அஞ்சு பேரு ஒரே நாள்ல போனா காலேஜ எப்டி நடத்துவாங்க?" இங்கிலீஷ் மேடம் மேசையில் தட்டினாள். தமிழ் மேடம், "உங்களுக்குத்தான் பேச வரும், நீங்கதான் எங்க லீடர்" என்றாள். எல்லாருமாகச் சேர்ந்து என் தலையில் ஐஸ் வைத்தார்கள். நானும் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதப் பௌர்ணமிக்கு ஆறு பேரும் கிரிவலம் போனோம். கல்லூரி விட்டதும் நேராகப் பெரிய கோயில் பக்கம் வந்து, செருப்பைத் தெரிந்த வளையல் கடையில் போட்டுவிட்டு, வெயில் தாழ நடக்க ஆரம்பித்தோம். இந்திரலிங்கம், அக்னிலிங்கம் தாண்டி செங்கம் ரோட்டில் யமலிங்கத்துக்கு வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. அங்கேதான் பொருளாதாரக்காரி நின்றாள்.

"இங்கயே கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணிடலாம்க்கா. எமன் முன்னால பண்ணா எவளும் மாற மாட்டா."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊரில் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்துக்கு மேல் ஒன்றும் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன பேச்சை மாற்றுவார்கள், கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொன்னதையும் மாற்றுவார்கள். கற்பூரத்தை மாற்ற மாட்டார்கள். பங்காளிச் சண்டைகூட அதில்தான் தீரும். வெளியே ஓரமாக ஒரு செங்கல்லின் மேல் ஆளுக்கொரு வில்லையை ஏற்றி, "ஒருத்தி போனா ஆறு பேரும் போவோம்"னு சொல்லி, உள்ளங்கையால் தட்டி அணைத்தோம். பொருளாதாரக்காரி தட்டத் தெரியாமல் தட்டிக் கையைச் சுட்டுக்கொண்டாள். என் கைக்குட்டையை நனைத்து நான்தான் கட்டிவிட்டேன். மிச்சத் தூரம் முழுக்க என் தோளைப் பிடித்தபடியே நடந்து வந்தாள்.

அந்த வாரமே வகுப்பில் ரோமாபுரிப் படையின் சத்தியம் வந்தது. வருஷப் பிறப்பன்று ஒவ்வொரு முகாமிலும் சிப்பாய்கள் வரிசையில் நின்று சக்கரவர்த்தியின் பெயரில் சத்தியம் செய்யவேண்டும். செய்வார்கள். அடுத்த மாதமே வேறு ஒருத்தன் பெயரில் அதே சத்தியத்தைச் செய்வார்கள்.

"கற்பூரம் அணைச்சா மேடம்?" என்றாள் முன்பெஞ்சுக்காரி.

"அங்க ஏதுடி கற்பூரம்?"

"அதான் மேடம் மாத்திக்கினானுங்க."

வகுப்பே கெக்கெக்கே என்று சிரித்தது. எம்.ஏ., எம்.ஃபில். படித்த நானும், அட, சரியாத்தானே சொல்றா என்று நினைத்தேன். ரோமாபுரிக்காரனுக்குக் கொடுத்துவைக்கவில்லை, எனக்கு யமலிங்கம் இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாயிரம் வருஷத்துத் துரோகத்தை வரி வரியாகப் பாடம் நடத்துகிறவள், ஒரு வில்லைக் கற்பூரத்தை நம்பினேன்.

தாளாளரைப் பார்க்கப் போன அன்று புதுப் புடவை கட்டிக்கொண்டேன். அவர் அரிசி மில் வைத்திருந்தவர். அதட்டிப் பேச மாட்டார், எல்லாமே குழைந்து குழைந்துதான். ஆறு பேரும் உள்ளே போனோம். உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. நான் மேசைக்கு முன்னால் நின்றேன், மற்றவர்கள் எனக்குப் பின்னால்.

நான் நன்றாகத்தான் பேசினேன். அதை இன்றைக்கும் சொல்வேன். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு ஏன் வேண்டும், பாதியில் நிற்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "வரலாறு இல்லனா நாங்க ஆறு பேரும் இல்லைங்க சார். இது ஆறு பேரோட முடிவு" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அப்டியாம்மா?" என்று இங்கிலீஷ் மேடத்தைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். ஸ்டாஃப் மீட்டிங்னு சொன்னாங்க, வந்தேன்."

தமிழ் மேடம், "புள்ளைங்க படிப்பு கெடக் கூடாதுங்க சார், அவ்ளோதான்" என்றாள். வணிகவியல்காரிகள் இரண்டு பேரும் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுசாகத் திரும்பி என் பொருளாதாரக்காரியைப் பார்த்தேன். இவள் பேசுவாள். இவள் ஒருத்தி பேசினால் போதும்.

பேசினாள். "அக்கா கொஞ்சம் டென்ஷனா இருக்காங்க சார். நாங்க சொல்லிப் புரிய வெக்கறோம்."

நான்தான் டென்ஷனாம்! எனக்குத்தான் புரிய வைக்கவேண்டுமாம்! அந்த "அக்கா" என் காதில் அமிலம் ஊற்றின மாதிரி விழுந்தது.

தாளாளர் இன்னும் குழைந்தார். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்கம்மா. இந்த மாசக் கடைசி வரைக்கும் வாங்க. ரெண்டாவது வருஷப் புள்ளைங்களப் பத்திக் கவலயே படாதீங்க. ஹிஸ்டரியும் சேத்து நானே எடுத்துக்கறேன்னு போன வாரமே இவங்க சொல்லிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலயா?" என்று பொருளாதாரக்காரியைக் கைகாட்டினார்.

போன வாரமே! போன வாரம் முழுக்க என் கேரியரின் மேல் தட்டைச் சாப்பிட்டிருக்கிறாள். போன வாரம் வெள்ளிக்கிழமை, தாளாளரிடம் முதலில் எதைச் சொல்லலாம், எதைப் பின்னால் சொல்லலாம் என்று எனக்கு யோசனை வேறு சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. நாலு அறை விடலாமா என்றுதான் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, நேராக வகுப்புக்குப் போனேன். பிடில் ராஜா தன் கழுத்தில் தானே கத்தி வைத்துக்கொண்டு சாகிற இடத்தில் பாடம் நின்றிருந்தது. அதை முடித்தேன். "மீதிய யாராவது எடுப்பாங்கடி" என்று மட்டும் சொன்னேன். மாதக் கடைசி வரைக்கும் எதற்கு இருக்கவேண்டும்? அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. வேங்கிக்காலில் அப்போதுதான் வீடு கட்டியிருந்தோம், சுவருக்கு இன்னும் வெள்ளைகூட அடிக்கவில்லை. நான் கத்தின கத்தலை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஆபீஸா இருந்தா நீ ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு போட்டுக் குடுத்திருப்பாங்க. உங்க ஆளுங்க ரொம்ப லேட்டு" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். கற்பூரம் வேலை செய்யும் என்று நான் காத்திருந்தேன். யமலிங்கத்தில் அணைத்த சத்தியமாயிற்றே! ஒருத்திக்காவது கால் பிசகும், ஒருத்திக்காவது அம்மை போடும் என்று தினம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் மேடம் புது ஸ்கூட்டி வாங்கினாள். தமிழ் மேடத்தின் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. தேரடி வீதியில் காய்கறி வாங்கும்போது தமிழ் மேடம் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ச் சாரிக்கு ஓடினாள், அந்த ஓட்டத்தில்கூடக் கால் தடுக்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு நான் கிரிவலம் போகவில்லை. எனக்கு யமன் மேலேயே கோபம்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொருளாதாரக்காரி வந்தாள். கையில் ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். வாசலில் நின்றாள். வா என்று நான் சொல்லவில்லை. அவளாக உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எங்க காட்ல புடுங்கனதுக்கா. அவிச்சி சாப்புடுங்க."

"இத குடுக்கவா வந்த?"

தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று எத்தனையோ நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். மாமனார் வீட்டு வாசலில் நின்றதைக் கேட்டேன், கேரியரைக் கேட்டேன். கடைசியில், "எமன் முன்னாடி கற்பூரம் அணைச்சியேடி, அது கூடவா பயம் இல்ல?" என்றேன்.

அதற்குத்தான் நிமிர்ந்தாள். முகத்தில் நிஜமாகவே அதிர்ச்சி.

"அய்யோ அக்கா, நாங்க சத்தியத்த மீறலக்கா! திருப்பிக் குடுத்துட்டோம்!"

"என்னாடி சொல்ற?"

"சார் ஒவ்வொருத்தரயா தனியா கூப்ட்டு பேசுனாரு. எல்லாருக்கும் பயமாய்டுச்சி. ஆனா சத்தியம் கெடக்குதேன்னு, அங்க இருக்கற குருக்கள்கிட்ட கேட்டோம். செஞ்ச எடத்துலயே போயி தேங்கா ஒடச்சி, புதுசா கற்பூரம் ஏத்தி, தெரியாம பண்ணிட்டோம் சாமி, எங்க வார்த்தய எடுத்துக்கறோம்னு சொல்லுங்க, ஒண்ணும் ஆவாதுனு சொன்னாரு. ஒரு செவ்வாக்கெழம ரெண்டு ஆட்டோ வெச்சிக்கினு போயி பண்ணிட்டு வந்துட்டோம்."

"ரெண்டு ஆட்டோவா? யாரு யாரு?"

"அஞ்சு பேரும்தான்க்கா."

அது வரைக்கும் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அந்த அறையில், அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்ததும், ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பயம் வந்துவிட்டது, வாய் அடைத்துவிட்டது என்று என் மனசை நானே தேற்றிவைத்திருந்தேன். இப்போது பார்த்தால் ஐந்து பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். நாள் பார்த்திருக்கிறார்கள். தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் வாங்கியிருக்கிறார்கள். நான் வகுப்பில் இருந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பியிருக்கிறார்கள். திரும்பி வந்து ஸ்டாஃப் ரூமில் என் எதிரிலேயே உட்கார்ந்து, "அக்கா, எப்ப போலாம் சார்கிட்ட?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"சாமிகிட்ட போயி சொன்னீங்க. என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்ககிட்ட எப்டிக்கா சொல்றது? நீங்க கத்துவீங்களே."

யமனிடம் போய்ச் சொல்லத் தைரியம் இருந்தது. என்னிடம் சொல்லப் பயமாம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னாலேயே அழுதேன். அவள் என் கையைத் தொட வந்தாள். "தொடாத" என்றேன்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஆரம்பித்தாள். "அக்கா, இன்னொண்ணு கேக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க. ஹிஸ்டரி எடுக்கறது எனக்கு வரலக்கா. கைடப் பாத்துத்தான் படிச்சிக்கினு போறேன். இப்ப ஒரே வருசத்துல நாலு ராஜா வராங்க. யாரு யார வெட்டுனாங்கன்னே புரியல. பேரும் வாய்ல நொழைய மாட்டேங்குது. புள்ளைங்க கேள்வி கேட்டா பெல் அடிக்கற வரைக்கும் நோட்ஸ் எழுதச் சொல்லிடறேன். நீங்க ஒருதரம் சொல்லிக் குடுத்தீங்கன்னா..."

என்ன கொழுப்பு பாருங்கள்! என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, அதில் எப்படி உட்காருவது என்று என்னிடமே கேட்க வந்திருக்கிறாள். "எழுந்து போடி வெளிய" என்றேன். வாசல் வரைக்கும் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "புள்ளைங்கதான் பாவம்க்கா. மாடல் எக்ஸாம்ல பாதிப் பேரு ஃபெயிலு. அந்த முன்பெஞ்சுப் பொண்ண இதோட நிறுத்திடறேன்னு அவங்க அப்பா வந்து சொல்லிட்டுப் போறாரு" என்றாள்.

எங்கே தொட்டால் நான் விழுவேன் என்று அவளுக்குத் தெரியும். கூட இருந்து சாப்பிட்டவள் ஆயிற்றே. அவள் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? உட்கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து கூடத்தில் போட்டேன். அவளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவள் கொண்டுவந்த மல்லாட்டையில் நாலைப் பொறுக்கித் தரையில் வரிசையாக வைத்தேன். முதலாவது கிழவர். இரண்டாவது, எந்நேரமும் கண்ணாடி பார்க்கிற அலங்காரப் பிரியர். மூன்றாவது சாப்பாட்டு ராமன். நாலாவது, ஒரு காலத்தில் கோவேறு கழுதை வியாபாரம் செய்து பிழைத்ததாகக் கேலி பேசப்பட்டவர், கடைசியில் நிலைத்தவர் அவர்தான். "கெழவர ஒழுங்கா புரிஞ்சிக்கினா மத்த மூணும் தானா வந்துரும்" என்றேன்.

கிழவரைக் கொண்டுவந்து உட்கார வைத்ததே காவல்படைதான். உட்கார வைத்தால் வெகுமதி உண்டு என்று அவர்களுடைய தளபதி ஆசை காட்டியிருந்தான். கிழவர் கறார் பேர்வழி, சிப்பாய்களை விலைக்கு வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். வருஷப் பிறப்பன்று வடக்கு எல்லையில் இருந்த படைகள் அவர் பெயரில் சத்தியம் செய்ய மாட்டோம் என்று முரண்டு பிடித்தன. இங்கே தலைநகரத்திலேயே அலங்காரப் பிரியர் காவல்படையைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். கிழவர் அரண்மனைக்குள் இருந்தார். வாசலில் பெரிய கூட்டம், அலங்காரப் பிரியன் செத்துவிட்டான் வெளியே வாருங்கள் என்று ஆர்ப்பாட்டம். ஒரு சிப்பாய் ரத்தம் சொட்டுகிற வாளைத் தூக்கிக் காட்டி, நானே வெட்டினேன் என்றான். எல்லாம் பொய். கிழவர் கவசத்தை மாட்டிக்கொண்டு பல்லக்கில் ஏறினார். கடைவீதிச் சதுக்கத்துக்கு வந்தபோது அலங்காரப் பிரியர் அனுப்பிய குதிரைப்படை எதிரே வந்தது. அது வரைக்கும் கோஷம் போட்டுக்கொண்டு வந்த கூட்டம் சிதறியது. பல்லக்குத் தூக்கினவர்கள் அவரைக் கீழே தள்ளிவிட்டு ஓடினார்கள். பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, வெட்டிப் போட்டார்கள்.

அவள் குனிந்து எழுதிக்கொண்டே வந்தவள், பேனாவை நிறுத்தினாள்.

"கெழவர் ஏன்க்கா வெளிய வந்தாரு? பேசாம உள்ளயே இருந்திருக்கலாம்ல?"

அவள் முகத்தையே பார்த்தேன். குத்திக்காட்டுகிறாளா, குற்ற உணர்ச்சியா, ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற முகம், அவ்வளவுதான்.

"கூட வந்தவங்க கூடவே இருப்பாங்கன்னு நெனச்சிட்டாருடி" என்றேன்.

அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது அஞ்சு மார்க்குல வருமாக்கா, பத்து மார்க்குலயா?"